கொழும்புக்குள் கோழி, பழைய தாச்சி (இரும்பு வாணலி), வீட்டுச் சாப்பாடு: உங்கள் வீட்டில் எப்படி?

தாச்சிக்காரி (தெஹிவளை)

எல்லோருக்கும் வணக்கம். வேறோர் இழையில் ஒருவர், கொழும்பில் இந்தக் காலத்தில் மூன்று நேரமும் வீட்டில் சமைப்பது நேரம் மிஞ்சிக் கிடக்கிறவர்களின் வேலை என்று எழுதியிருந்தார். அங்கேயே பதில் எழுதினால் நீண்டுவிடும் என்பதால் இதைத் தனியாகத் தொடங்குகிறேன்.

எங்கள் வீடு காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்குகிற ஓர் ஒழுங்கையில் இருக்கிறது. பின்பக்கம் ஒடுங்கின ஒரு துண்டு நிலம், ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, மதிலோடு சேர்த்து அடித்த கோழிக்கூடு. ஐந்து பேடுகள், சேவல் இல்லை. குசினியில் இருக்கிற சாமான்களில் முக்கால்வாசி யாரோ பாவித்துவிட்டு விற்றவை. நான் வேலைக்குப் போகிறவள்தான், பிள்ளைகள் இரண்டு பேர் பள்ளிக்கூடம் போகிறார்கள், மாமியும் எங்களோடு இருக்கிறா. நேரம் மிஞ்சிக் கிடக்கிற வீடு என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

சமையல், பழைய சாமான், கோழி இந்த மூன்றையும் தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொன்றும் ஒரு வேலைதான். ஒன்றாகச் சேரும்போதுதான் அதன் ருசி தெரிகிறது. காலையில் சொதிக்குப் பால் பிழிந்த தேங்காய்ச் சக்கை, வல்லாரைத் தண்டு, அரிசி களைகிறபோது ஒதுக்கிய நொய், பிள்ளைகள் அவசரத்தில் விட்டுப்போன இடியப்பம் எல்லாம் ஒரு பழைய எனாமல் கோப்பைக்குள் விழும். அதைக் கொண்டுபோய்ப் போட்டால் ஐந்தும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வரும். பிறகு பத்து மணிவாக்கில் ஒரு பேடு கேறத் தொடங்கும், முட்டை போடாத மற்றவையும் சேர்ந்து கேறும், மாமி பின்கதவைத் திறந்துகொண்டு போவா. அப்போதுதான் போட்ட முட்டையைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? சூடாக இருக்கும். சில வேளை கோது ஈரமாகப் பளபளக்கும், பார்த்துக்கொண்டிருக்கவே அந்த ஈரம் காய்ந்து மங்கிவிடும். அந்த மெல்லிய பூச்சுத்தான் கோதிலிருக்கிற நுண்துளைகளை அடைத்து முட்டையைக் காக்கிறது. அதனால் கூட்டிலிருந்து எடுத்தவுடன் முட்டையைக் கழுவி அடுக்கத் தேவையில்லை. பாவிக்கிறபோது கழுவினால் போதும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 2017 சித்திரைப் புத்தாண்டு அன்று மீதொட்டமுல்ல குப்பைமலை சரிந்து 30 பேருக்கு மேல் செத்ததைக் கொழும்பில் இருக்கிற யாரும் மறந்திருக்கமாட்டோம். அதற்குப் பிறகுதான் உக்கிற குப்பை, உக்காத குப்பை என்று பிரித்துக் கொடுக்கச் சொல்லி இங்கே இறுக்கினார்கள். எங்கள் வீட்டில் இப்போது உக்கிற பை பாதிகூட நிரம்புவதில்லை. அதில் எனக்கு உண்மையாகவே நிம்மதி இருக்கிறது.

உங்கள் வீடுகளில் எப்படி என்று எழுதுங்கள். தொடர்மாடியில் இருக்கிறவர்களும் எழுதுங்கள்.

கணக்குப்பிள்ளை (வத்தளை)

அக்கா, வாசிக்க நல்லாயிருக்கிறது. ஆனால் இதைப் பார்த்துவிட்டு நாளைக்கே குஞ்சு வாங்கப் போகிறவர்களுக்குக் கணக்கும் தெரியவேண்டும்.

முட்டையிடுகிற கோழி ஒன்று நாளுக்கு 110 முதல் 120 கிராம் வரை தீன் தின்னும். ஐந்து கோழிக்கு மாதம் 17 கிலோ அளவில் வரும். சக்கையும் கீரைத் தண்டும் அதில் ஒரு பங்கைக் குறைக்கும், அவ்வளவுதான். முழுக்க வீட்டு மிச்சத்தில் விட்டால் புரதமும் கல்சியமும் போதாமல் முட்டை குறைந்துவிடும். குஞ்சாக வாங்கினால் ஐந்து மாதமளவு ஒரு முட்டையும் இல்லாமல் தீன் போடவேண்டும். கூடு அடிக்கிற பலகை, கம்பிவலை, தகரம் எல்லாம் தனிச் செலவு.

2022 ஓகஸ்டில் வெள்ளை முட்டைக்கு 43 ரூபா, சிவப்புக்கு 45 ரூபா என்று அரசாங்கம் உச்ச விலை போட்டது நினைவிருக்கும். அந்த விலைக்கு முட்டை கிடைக்கவில்லை என்பதும் நினைவிருக்கும். 2023 மார்ச்சில் இந்தியாவிலிருந்து முட்டை இறக்கினார்கள். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு கூடு அடித்தார்கள். இப்போது அந்தக் கூடுகளில் சைக்கிளும் பழைய டயரும் கிடக்கின்றன. ஏன்? முட்டை விலை ஏறியதற்குப் பெரிய காரணம் தீன்தான். அப்போது இறக்குமதிக்கு டொலர் இருக்கவில்லை, 2021 இல் இரசாயன உரத்தைத் தடை செய்ததால் உள்ளூர்ச் சோளமும் விழுந்தது. பண்ணைக்காரனுக்குத் தீன் விலை ஏறினால் உங்கள் வீட்டுக் கூட்டுக்கும் அதே விலைதான், அதுவும் நீங்கள் சில்லறையில் வாங்குகிறவர்கள். மிச்சம் பிடிக்கலாம் என்று தொடங்கினவர்கள் எல்லாம் கைவிட்டார்கள். எனக்கு இதில் கோபம் இருக்கிறது, ஏனென்றால் கைவிட்ட கூடுகளில் கோழிகள் தண்ணீர்கூட இல்லாமல் கிடந்ததைப் பார்த்தேன்.

தாச்சிக்காரி

கணக்கு சரி தம்பி, ஒரு எழுத்தும் மாற்றமாட்டேன். காசு மிச்சம் என்று நானும் எங்கும் எழுதவில்லை. ஆனால் அந்த 17 கிலோவை எதோடு வைத்துப் பார்க்கிறோம்? பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பெரிய கடைத்தொகுதி ஒன்றுக்குப் போய் ஒருநேரம் சாப்பிட்டுவிட்டு வந்தால் ஆகிற செலவு தெரியும்தானே. அதை யாரும் இலாபமா என்று கேட்பதில்லை, சந்தோஷம் என்று விட்டுவிடுகிறோம். என் சின்னவன் இருட்டினால் அறையைவிட்டு வெளியே வரப் பயப்படுகிற பிள்ளை. இப்போது பொழுதுபட ரோர்ச்சோடு போய், எல்லாம் தடியில் ஏறிவிட்டதா என்று எண்ணிப் பார்த்துக் கூட்டுக்கதவுக்குக் கொளுக்கி போட்டுவிட்டு வருகிறான். இதை நான் எந்தக் கணக்கில் எழுதுவது?

தண்ணீர் இல்லாமல் கிடந்த கோழிகளைப் பற்றி நீங்கள் சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். ஊருக்குப் போகிறபோது பார்க்க ஆள் இல்லை என்றால் கோழி வேண்டாம். எங்கள் பக்கத்து வீட்டு அம்மா சிங்களவர், நாங்கள் யாழ்ப்பாணம் போகிற நாட்களில் அவர்தான் பார்க்கிறார், அந்த நாட்களின் முட்டை முழுக்க அவருக்கு. இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் நானும் தொடங்கியிருக்கமாட்டேன்.

ஊசிநூல் (கொட்டாஞ்சேனை)

எனக்குக் கோழிக்கு இடமில்லை, மூன்றாம் மாடி. ஆனால் பழைய சாமான் பக்கம் வாங்க, நிறையச் சொல்ல இருக்கிறது.

கொழும்பு மாதிரிப் பாவித்த சாமானுக்கு ஏற்ற ஊர் வேறு இல்லை என்பேன். வாகனச் சாமானுக்குப் பஞ்சிகாவத்தை, பழைய புத்தகத்துக்கு மருதானைப் பக்கம் டி.ஆர். விஜேவர்தன மாவத்தைக் கடைகள், இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் நல்ல குசினிச் சாமான் கிடைப்பது வெளிநாடு போகிறவர்களின் வீட்டில்தான். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எத்தனை குடும்பம் போய்விட்டது. இக்மன் விற்பனைத் தளத்திலும் முகநூலிலும் "முழு வீட்டுச் சாமானும் விற்பனைக்கு" என்று போடுவார்கள், போய்ப் பார்த்தால் டீவியையும் சோபாவையும் சுற்றி ஆட்கள் நிற்பார்கள், குசினிப் பக்கம் ஒருவரும் போகமாட்டார்கள். அங்கேதான் அவர்களின் பாட்டி பாவித்த இரும்புத் தோசைக்கல், புட்டு அவிக்கிற நீத்துப்பெட்டி, இடியப்ப உரல், மாத்தளையில் செய்த நொரிட்டாக்கே பீங்கான் எல்லாம் பெட்டிக்குள் கிடக்கும். விற்கிற அம்மாவிடம் பத்து நிமிடம் இருந்து கதைக்கவேண்டும், அது விலை குறைக்க இல்லை. அந்தச் சட்டியில் என்ன சமைத்தார்கள், எந்த அடுப்பில் வைத்தார்கள் என்று கேட்பேன். சொல்லும்போதே சிலர் அழுதுவிடுவார்கள். போகிற இடத்துக்குக் கொண்டுபோக முடியாத பொருள் சமைக்கிற ஒரு கைக்குப் போகிறது என்று தெரிந்தால் அவர்களுக்கு ஒரு ஆறுதல். அப்படிக் கிடைத்த தோசைக்கல்லில்தான் நான் இன்றைக்கும் வார்க்கிறேன்.

வாங்குகிறபோது நான் பார்க்கிறவை:

இரும்புச் சாமான் துருப்பிடித்திருந்தால் பயப்பட வேண்டாம், துரு போய்விடும். வெடிப்புத்தான் கூடாது. தூக்கிப் பிடித்து விரல் மொழியால் தட்டினால் நல்ல இரும்பு நீளமாக ஒலிக்கும், வெடித்தது டொக் என்று நின்றுவிடும். மண்சட்டிக்கும் இதே சோதனைதான். துருவைப் புளியும் கல்லுப்பும் போட்டுத் தும்பால் தேய்த்து எடுத்து, கழுவி, உடனே அடுப்பில் வைத்து ஈரம் போகக் காயவைத்து, நல்லெண்ணெயை மெல்லிசாகப் பூசிப் புகை வரும்வரை சூடாக்கவேண்டும். மெல்லிசாக என்பதுதான் முக்கியம், கூடப் பூசினால் பிசுபிசு என்று பிடிக்கும். இதை நாலைந்து தரம் செய்தால் கறுத்து மினுங்கும். அப்புறம் முதலில் தோசை வார்க்காமல் வெங்காயம் வதக்குங்கள், கல் நல்லாப் பழகும்.

பித்தளைச் சட்டி அழகாக இருக்கும், ஆனால் உள்ளே வெள்ளீயம் பூசாத பித்தளையில் புளியோ தக்காளியோ சமைக்கக் கூடாது, செம்பும் துத்தநாகமும் கறியில் இறங்கும். பூச்சு தேய்ந்திருந்தால் பூச ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் பூ வைக்கத்தான். எனாமலில் உட்பக்கம் சிதறியிருந்தால் விட்டுவிடுங்கள். மினுமினுக்கிற செம்மஞ்சள், சிவப்புப் பூச்சுள்ள மிகப் பழைய பீங்கான்களில் ஈயம் இருக்கலாம், அவற்றை அலுமாரியில் வையுங்கள், சாப்பாட்டுக்கு வேண்டாம். கீறல் விழுந்த நொன்ஸ்டிக் சும்மா கொடுத்தாலும் எடுக்கமாட்டேன்.

தையல் மெஷின் என்றால் பழைய கறுப்பு சிங்கரைக் கண்டால் விடாதீர்கள். சில்லைக் கையால் சுற்றிப் பாருங்கள், இடறாமல் சுற்றினால் எண்ணெய் விட்டால் போதும். அந்தக் கால வீட்டு மெஷின்களில் பெரும்பாலானவற்றுக்கு இன்று கடையில் விற்கிற சாதாரண ஊசியே பொருந்தும், அதனால்தான் அவை சாகாமல் இருக்கின்றன. என்னுடையதில் பழைய வொயில் சேலைகளை வெட்டி யன்னல் சீலை, தலையணை உறை, சட்டி பிடிக்கிற துணி எல்லாம் தைக்கிறேன். பருத்தியை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பார்த்து, மடிப்பு விழுகிற இடத்தில் நூல் இளகியிருக்கிறதா என்று பார்த்து வாங்கவேண்டும். முந்தானை நல்லாயிருந்தால் அது ஒன்றே போதும், மிச்சத்தைத் துடைக்கிற துணியாக்கலாம்.

ஏலக்காய் (தெமட்டகொடை)

ஊசிநூல், சட்டியைப் பற்றி நீங்கள் எழுதியதை எங்கள் உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், "சரியாச் சொல்றா" என்றா.

நான் முட்டைக்காக வந்தேன். எங்கள் ஒழுங்கையில் ஒரு ராத்தா கோழி வளர்க்கிறா, பெருநாளுக்கு வட்டிலப்பம் செய்ய அவவிடம்தான் முட்டை எடுப்போம். ஊர் முட்டை சின்னது, ஆனால் மஞ்சள் கரு வெள்ளையோடு பார்த்தால் பெரிசு, அதனால் வட்டிலப்பம் கனமாக நிற்கும். எங்கள் அளவு 10 முட்டைக்கு அரைக்கிலோ கித்துள் கருப்பட்டி, இரண்டு கோப்பை கெட்டித் தேங்காய்ப்பால், ஏலக்காய், கொஞ்சம் சாதிக்காய். பலபேர் முட்டையை நுரைக்க நுரைக்க அடிக்கிறார்கள். அடிக்கக்கூடாது, கரண்டியால் கலக்கி, துணியில் வடிக்கவேண்டும். துளை துளையாக வரவேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் நுரைக்கட்டும், எங்கள் வீட்டில் வழுவழு என்று இருந்தால்தான் வட்டிலப்பம். மூடியிலிருந்து ஆவித்தண்ணீர் சொட்டாமல் மேலே எண்ணெய்த்தாள் கட்டி, மெல்லிய நெருப்பில் அவிக்கவேண்டும். நெருப்பு கூடினால் முட்டை இறுகித் தண்ணீர் விட்டுவிடும், பிறகு என்ன செய்தும் சரிவராது.

பெருநாள் அன்று அதை ஒழுங்கை முழுக்கக் கொடுப்போம். தமிழ் வீடுகளிலிருந்து தைப்பொங்கலுக்கு வந்த கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கிற நாளும் அதுதான். வெறும் கிண்ணமாகக் கொடுக்கிற பழக்கம் எங்கள் பக்கம் இல்லை.

மாடிவாசி (பம்பலப்பிட்டி)

எல்லோருக்கும் நன்றி, வாசிக்க வாசிக்க ஆசையாக இருக்கிறது. அடுத்த வருடம் நாங்கள் இரத்மலானைப் பக்கம் சின்ன வீடு ஒன்றுக்குப் போகிறோம், கொஞ்சம் வளவும் இருக்கிறது. மனைவிக்குக் கோழி வேண்டும். எனக்கு மூன்று பயம்: டெங்கு, மணம், அக்கம்பக்கத்து முறைப்பாடு. பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தால் என்ன சொல்வது? அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் விபரமாகச் சொல்லுங்கள்.

கூட்டுக்கதவு (நுகேகொடை)

தம்பி, நான் கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவன். கேட்ட மூன்றுக்கும் சொல்கிறேன், கேட்காததும் சிலது சொல்லவேண்டியிருக்கிறது.

முதலில் உங்கள் பிரதேசத்து மாநகர சபையில் நேரே கேளுங்கள், கூடு அடிக்க முதல் கேளுங்கள். பிஎச்ஐயை எதிரியாக நினைக்க வேண்டாம், கூட்டை அவரிடம் நீங்களே காட்டினால் எங்கே தண்ணீர் தேங்கும் என்று அவரே சொல்லித்தருவார். டெங்கு நுளம்பு பெரும்பாலும் தேங்கின சுத்தமான தண்ணீரில் பெருகும், கோழிக்கு வைக்கிற தண்ணீர்ச் சட்டி அதற்கு நல்ல இடம். தினமும் ஊற்றி விட்டால் மட்டும் போதாது, உள் விளிம்பைத் தும்பு போட்டுத் தேய்க்கவேண்டும். நுளம்பு முட்டை விளிம்பில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாமல் இருக்கும், திரும்பத் தண்ணீர் பட்டால் பொரிக்கும். கூட்டுக் கூரையில் தறப்பாள் போட்டால் அதன் மடிப்புகளில் மழைத்தண்ணீர் நிற்கும். தகரத்தைச் சாய்வாகப் போடுங்கள்.

மணம் வருவது ஈரத்தால். நிலத்தில் உமி அல்லது மரத்தூள் ஒரு சாண் கனத்துக்குப் போட்டு, கிழமைக்கு ஒருதரம் கிளறிவிட்டு, ஈரமான பகுதியை அள்ளி எடுத்தால் மணமே இருக்காது. கைப்பிடி அள்ளி அமத்திப் பார்த்தால் உதிரவேண்டும், கட்டியாக நின்றால் ஈரம் கூட. தென்மேற்குப் பருவமழை மே மாதம் தொடங்கினால் சாரல் எந்தப் பக்கத்தால் அடிக்கிறது என்று பார்த்து அந்தப் பக்கத்தை முதலே அடையுங்கள். அள்ளின உமியைப் புதிதாக அப்படியே செடிக்குப் போட வேண்டாம், வேரைக் கருக்கும். சில மாதம் உக்கவிட்டால் முருங்கைக்கும் மிளகாய்க்கும் அதைவிடப் பசளை இல்லை.

அக்கம்பக்கம்: சேவல் வேண்டாம். முட்டையிடுவதற்குச் சேவல் தேவையே இல்லை, குஞ்சு பொரிக்க மட்டும்தான். பேடு கேறுவதைப் பற்றி யாரும் முறைப்பாடு செய்ததாக நான் கண்டதில்லை.

நீங்கள் கேட்காதது நோய். இராணிக்கட் வந்தால் ஒரு கிழமைக்குள் கூடு காலியாகும், மருந்து கிடையாது, தடுப்பூசி ஒன்றுதான் வழி. குஞ்சுக்கு முதல் கிழமையிலேயே கண்ணில் சொட்டு விடுவார்கள், பிறகு திருப்பிக் கொடுக்கவேண்டும். வாங்குகிற இடத்தில் என்னென்ன போட்டிருக்கிறது என்று எழுதி வாங்குங்கள். பிரதேசக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் மிச்சத்தைச் சொல்வார்கள். குண்டசாலைப் பக்கம் கரந்தகொல்லையில் இருக்கிற மத்திய கோழி ஆராய்ச்சி நிலையம் எங்கள் திணைக்களத்தினுடையதுதான். வீட்டு வளர்ப்புக்கு ஏற்ற இனம் பற்றி அலுவலகத்தில் கேட்டால் வழிகாட்டுவார்கள்.

தீன்: பூஞ்சணம் பிடித்த பாணையும் கட்டிபட்ட புண்ணாக்கையும் கொடுக்காதீர்கள். தேங்காய்ப் புண்ணாக்கு நம் ஊர் ஈரத்தில் சீக்கிரம் பூஞ்சணம் பிடிக்கும், அதில் வருகிற நஞ்சு ஈரலை அரிக்கும், வெளியே தெரியாது. பட்டர்புரூட் கொட்டையும் தோலும் கூடாது, காய்ந்த பயறு பருப்பை அவிக்காமல் போடவும் கூடாது. கருவாட்டு மிச்சம் உப்பு, வேண்டாம். முட்டைக் கோதை வறுத்து நல்லாப் பொடித்துத் திரும்பக் கொடுக்கலாம். முழுக் கோதாகப் போட்டால் சில கோழி தன் முட்டையையே கொத்திக் குடிக்கப் பழகிவிடும்.

இன்னொன்று. வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து, மார்கழியில் கூட்டுக்கு மின்விளக்குப் போடவேண்டுமா என்று என்னிடம் கேட்டு வருகிறார்கள். அங்கே பனிக்காலத்தில் பகல் பாதியாகச் சுருங்கும். கொழும்பில் வருடத்தின் நீண்ட பகலுக்கும் குறுகின பகலுக்கும் ஒரு மணித்தியாலம்கூட வித்தியாசமில்லை. இங்கே முட்டை குறைந்தால் வெயிலைப் பாருங்கள், இறகு உதிர்க்கிறதா பாருங்கள், அடைக்குக் கிடக்கிறதா பாருங்கள். மார்ச், ஏப்ரல் வெக்கையில் கோழி வாயைத் திறந்து இளைக்கும், அப்படி இளைத்துக்கொண்டே இருந்தால் கோதும் மெல்லிசாகும். நிழலும் குளிர்ந்த தண்ணீரும்தான் வைத்தியம்.

கணக்குப்பிள்ளை

ஐயா எழுதியதை அச்சடித்துக் கூட்டுக்குள் ஒட்டலாம். இப்படி விபரம் தெரிந்து தொடங்கினால் எனக்கு மறுப்பில்லை.

ஒடியல் (வெள்ளவத்தை)

எல்லோரும் முட்டையைப் பற்றியே கதைக்கிறீர்கள். முட்டை போடுவது நின்றபிறகு என்ன செய்கிறீர்கள்? எங்கள் ஊரில் இது ஒரு கேள்வியே இல்லை. கிழட்டுப் பேடு என்றால் உரித்து, மிளகு, சீரகம், உள்ளி, மல்லி இடித்துப் போட்டு, எலும்போடு நீண்ட நேரம் வேகவிட்டு இரசம் வைப்பார்கள். இறைச்சி கடினம்தான், ஆனால் அந்தத் தண்ணீரில் இருக்கிற ருசி புரொய்லரில் எந்தக் காலத்திலும் வராது. கோழி வளர்ப்பதை இவ்வளவு அழகாக எழுதிவிட்டு அதன் முடிவைப் பற்றி ஒரு வரியும் எழுதாமல் விடுவது சரியில்லை என்று நினைக்கிறேன். பிள்ளைகளுக்கும் சாப்பாடு எங்கிருந்து வருகிறது என்று தெரியவேண்டும்.

தாச்சிக்காரி

நல்ல கேள்வி அண்ணா, ஒளிக்க ஒன்றுமில்லை. என் வீட்டில் இரண்டு பேடு முட்டை குறைந்து வயதாகிவிட்டன, அவை கூட்டிலேயே இருக்கின்றன, நான் அறுக்கப் போவதில்லை. சின்னவன் எண்ணிப் பார்க்கிற கோழியை அவன் கோப்பையில் போட எனக்கு மனம் வராது. மாமி இதை ஒத்துக்கொள்ளமாட்டா, நீங்கள் எழுதிய அதே இரசத்தைப் பற்றித்தான் அவவும் கதைப்பா. இறைச்சி சாப்பிடுகிற வீடுதான் நாங்கள். அறுக்கிறவர்களைப் பிழை என்றும் சொல்லமாட்டேன். ஆனால் தொடங்க முதல் வீட்டில் எல்லோரும் இதை வெளியாகக் கதைத்து முடிவெடுக்கவேண்டும், அதில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி.

ஒடியல்

ஏற்கிறேன் தங்கச்சி, ஆனால் என் கருத்து மாறவில்லை. மாமியின் பக்கம்தான் நான்.

ஏலக்காய்

நான் இரண்டுக்கும் நடுவில். எங்கள் ராத்தா தானே வளர்த்ததை அறுப்பதில்லை, சொந்தக்காரர் வீட்டுக்குக் கொடுத்துவிடுவா.

மாடிவாசி

கூட்டுக்கதவு ஐயா, கோடி நன்றி. மனைவியும் நானும் இரண்டு தரம் வாசித்தோம்.

தாச்சிக்காரி அக்கா, உங்கள் பெயரிலேயே தாச்சி இருக்கிறது, அதில் என்ன சமைக்கிறீர்கள் என்று இன்னும் சொல்லவில்லையே? வேலை முடிந்து வந்து சமைக்கக்கூடிய ஏதாவது எழுதுங்கள், நாங்கள் இரண்டு பேரும் ஆறரைக்குத்தான் வீடு வருவோம்.

தாச்சிக்காரி

அப்படிப்பட்ட நாளுக்குத்தான் முட்டைப்பொரியல் குழம்பு. கடையில் வாங்கவேண்டியது ஒன்றுமில்லை.

தாச்சியை முதலே அடுப்பில் வைத்துச் சூடாக்குங்கள். இரும்பு மெதுவாகத்தான் சூடேறும், ஏறினால் இறங்காது. சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை எல்லாம் பொடியாக அரிந்து, உப்பும் ஒரு சிட்டிகை மஞ்சளும் போட்டு, நாலு முட்டையை அடித்து ஊற்றுங்கள். சரியான சூட்டில் ஊற்றினால் விளிம்பு உடனே பொங்கிச் சுருளும், நடு இன்னும் ஆடும். அந்த நேரத்தில் மடித்து, பெரிய துண்டுகளாக வெட்டி எடுத்து வையுங்கள், முழுக்க வேகவிட வேண்டாம். அதே தாச்சியில் கொஞ்சம் எண்ணெய் விட்டு வெந்தயம், பெருஞ்சீரகம், வெங்காயம், உள்ளி தாளித்து, யாழ்ப்பாணத்துக் கறித்தூள் போட்டு ஒரு பிரட்டுப் பிரட்டி, தேங்காய்த் தண்ணிப்பால் ஊற்றிக் கொதிக்கவிடுங்கள். பழப்புளி கரைத்து விடுகிறவர்கள் புளி விட்டதும் மண்சட்டிக்கு மாற்றிவிடுங்கள், இரும்பில் புளி நின்றால் பழகின கறுப்புப் பூச்சுப் போய்க் கறியும் இரும்பு மணக்கும். கடைசியில் முதற்பாலும் பொரியல் துண்டுகளும் போட்டு, ஒரு கொதி வர இறக்குங்கள். முட்டை குழம்பை உறிஞ்சி ஊதிவிடும். அதை முதல்நாள் மிஞ்சிய புட்டோடு பிசைந்து சாப்பிட்டால் இரவு வேறொன்றும் தேவையில்லை. பாணோடும் நல்லாயிருக்கும்.

காஸ் இல்லாமல் வரிசையில் நின்ற 2022 இல் எங்கள் இராச்சாப்பாடு பெரும்பாலும் இதுதான். பின்பக்கம் மூன்று கல் வைத்து விறகில் சமைத்தோம், அந்த நெருப்புக்கும் இந்தத் தாச்சிதான் ஈடுகொடுத்தது. வீட்டில் இருந்த மெல்லிய அலுமினியச் சட்டி எல்லாம் அடி கோணிப்போய்விட்டது.

ஊசிநூல்

புட்டு மிஞ்சாத நாளில்? நான் காய்ந்த பாணைப் பிய்த்துப் போட்டு, அதே தாளிதத்தில் முட்டையும் விட்டுக் கிளறுவேன். எங்கள் வீட்டில் பாண் காய்வதற்காகவே ஒரு இறாத்தல் கூட வாங்குகிறோம்.

மாடிவாசி

இன்றைக்கே செய்தோம். மனைவி தாச்சி தேடி வார இறுதியில் யாருடைய வீட்டு விற்பனைக்காவது போகலாம் என்கிறா, ஊசிநூல் சொன்ன தட்டிப் பார்க்கிற சோதனையையும் எழுதி வைத்திருக்கிறா.

கடைசியாக ஒரு கேள்வி. மனைவியின் அக்கா ஊரிலிருந்து வீட்டு முட்டை கொண்டுவந்தா, அவித்தால் கோது உரிபடவே இல்லை, வெள்ளை எல்லாம் கோதோடு பிய்ந்து போகிறது. முட்டையில் ஏதும் குறையா?

கூட்டுக்கதவு

குறை இல்லை தம்பி, முட்டை மிகப் புதிது. புது முட்டையின் வெள்ளைக்குள் கரியமிலவாயு நிறைய இருக்கும், அதனால் வெள்ளை உட்சவ்வோடு ஒட்டிக்கொள்ளும். நாள் போகப்போக அந்த வாயு கோதின் துளைகளால் வெளியேறி வெள்ளையின் காரத்தன்மை கூடும், பிறகு சுகமாக உரிபடும். பழசா என்று தெரியவேண்டுமென்றால் தண்ணீரில் போடுங்கள். புதிது படுத்துக் கிடக்கும், கொஞ்சம் நாள் போனது அகன்ற முனை மேலே வர நிமிரும், மிதந்தால் எறிந்துவிடுங்கள். அவிக்கிற முட்டையை ஒரு கிழமை வைத்துவிட்டு அவியுங்கள், அல்லது தண்ணீர் நல்லாக் கொதித்த பிறகு போடுங்கள், ஓரளவு உதவும். நாளைக்கே அவித்த முட்டைக் குழம்பு வைக்கவேண்டுமென்றால் கடை முட்டையில் வையுங்கள், அக்கா கொண்டுவந்ததைப் பொரியலுக்கு எடுங்கள்.